ஓடுகிற பிள்ளைகளுக்குச் சோறும் உப்பும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊர்ச் சாலையில் நின்றாலும் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். காவலர் தேர்வுக்கு ஓடுகிறார்கள், ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடுகிறார்கள், பள்ளித் தடகளத்தில் 3,000, 5,000 மீட்டருக்கு ஓடுகிறார்கள். 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் என்று பெயர் கொடுக்கிற நடுத்தர வயதுக்காரர்களும் இப்போது கூடிவிட்டார்கள். எப்படி ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. என்ன சாப்பிட்டுவிட்டு ஓடுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: வெறும் வயிற்றில் ஓடு, சோற்றைக் குறை, பச்சை முட்டையைக் குடி, குளுக்கோஸை வாயில் கொட்டு, பவுடர் டப்பா வாங்கு.

நம் கரையில் விளைவதும் பிடிபடுவதுமே ஒரு நெடுந்தூர ஓட்டக்காரருக்குப் போதும். பிழை அளவிலும் நேரத்திலும்தான் நடக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் செலவுக் கணக்கு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஓடும் ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 55 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 550 கலோரி. அரை மாரத்தானுக்கு 1,150 சொச்சம். முழு மாரத்தானுக்கு 2,300. இதைக் கொடுக்க உடம்பில் இரண்டு இருப்புகள் உண்டு. கொழுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓட வேண்டுமென்றால் மாவுச்சத்துதான் எரிய வேண்டும். அது தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தவருக்கு மொத்தம் 350 முதல் 500 கிராம்வரை தேறும், அதாவது 1,400 முதல் 2,000 கலோரி. முழு மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்குக் கால் கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்த இருப்பு அன்றாடச் சோற்றில்தான் சேர வேண்டும். தினம் ஒரு மணி நேரம் ஓடுகிறவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை. 55 கிலோ ஆளுக்கு 6 கிராம் வீதம் 330 கிராம். காலையில் ஆறு இட்லி 60 கிராம் தரும். மதியம் 400 கிராம் சோறு (ஏறக்குறைய 140 கிராம் அரிசி வடித்தது) 110 கிராம். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு சிறு வாழைப்பழமும் 50. இரவு 325 கிராம் சோறோ அதற்கு ஈடான தோசையோ 90. டீ, காபியில் போடும் சீனி 20. கூட்டினால் சரியாக வந்துவிடும். பெரிய விருந்தெல்லாம் இல்லை. ஆனால், ‘ஓடுகிறேன், அதனால் சோற்றைக் குறைத்துவிட்டேன்’ என்று இரவில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்திருக்கிற பிள்ளைக்கு இந்த அளவு சேராது. இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பான். மூன்றாவது வாரம் கால் கனக்கும், தூக்கம் கெடும், நேரம் பின்னுக்குப் போகும். பயிற்சி போதவில்லை என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டச் சொல்வார்கள்.

கேப்பை, கம்பு, குதிரைவாலி நல்ல தானியங்கள்தாம். கேப்பையில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அது வேண்டும். ஆனால் நார்ச்சத்தும் அதிகம். ஓடி முடித்தபிறகோ மதியமோ கூழ் குடிக்கலாம். ஓடப் போகிற காலையில் குடித்தால் பாதி வழியில் கருவேலங்காட்டைத் தேட வேண்டிவரும்.

இனி, ‘வெறும் வயிறு’. அரை மணி, முக்கால் மணி நேர மெதுவோட்டத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீரோடு கிளம்பினால் குற்றமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, வேகப் பயிற்சி நாளானாலோ அது சரிப்படாது. இரவு முழுக்க மூளைக்குச் சர்க்கரை கொடுப்பது ஈரல். விடியும்போது அதன் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தசை நிறைந்திருந்தாலும் தலை கிறுகிறுக்கும். கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் இரண்டு சிறு பூவன் பழமோ, 25 கிராம் கருப்பட்டி போட்ட சுக்குக் காபியோ போதும். ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும்.

போட்டியன்று கணக்கு வேறு. இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னதாக எடைக்கு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் சாப்பிட வேண்டும். காலை ஆறரைக்கு ஓட்டமென்றால் நான்கு மணிக்கு ஆறு இட்லி, கொஞ்சம் சீனி, ஒரு பழம். சாம்பாரைத் தொட்டுக்கொள்ளலாம், ஊற்றி மிதக்கவிட வேண்டாம். முதல்நாள் இரவுதான் நம் ஊரில் கோட்டை விடுகிற இடம். வெளியூரிலிருந்து வந்து தங்கும் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெய் வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். காலையில் ஏப்பமும் எரிச்சலுமாக நிற்பார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்த குழம்புக்கு நாம் விரோதியல்ல, அதை ஓட்டம் முடிந்த மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல்நாள் இரவு ஏழரைக்குள் சோறு, ரசம், ஒரு துண்டு மீன் அல்லது முட்டை, தயிர். இவ்வளவுதான்.

குளுக்கோஸ் மாவைப் பற்றி ஒரு சொல். தொடக்கக் கோட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு கரண்டி வெறும் வாயில் போட்டுக்கொள்வது பல மைதானங்களில் வழக்கமாகிவிட்டது. இன்சுலின் மேலேறும், அதே நேரத்தில் ஓட்டமும் தொடங்கும். சிலருக்கு ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி முதல் கிலோமீட்டரிலேயே கண் இருட்டும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆகிறவருக்கு அன்றைய ஓட்டம் போச்சு. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஏழு நிமிட ஓட்டத்துக்குக் குளுக்கோஸும் வேண்டாம், நடுவில் தண்ணீரும் வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் செய்கிற பயிற்சிக்குத்தான் சாப்பாடு வேண்டும்.

தண்ணீரும் உப்பும்தான் நம் கரையின் பெரிய விவகாரம். கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வியர்வை தோலிலிருந்து ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும். உப்பும் தண்ணீரும் போகும், சூடு மட்டும் போகாது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்காற்றில் போகும்போது குளிர்ச்சியாக இருக்கும்; திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும். காற்றின் வேகமும் ஓடும் வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பைச் சுற்றிக் காற்றே அசையாது. சுலபமாக ஓடுகிறோம் என்று நினைக்கும்போதுதான் உடம்பு கொதிக்கும். நிழலும் கிடையாது. அந்தச் சாலையில் எதிர்காற்றில் தொடங்கி முதுகுக் காற்றில் முடிப்பவர், திரும்பும் வழிக்குக் கூடுதல் தண்ணீர் வைத்திருக்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை அது. சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். வியர்வையைத் துண்டால் ஒற்றிவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 58, பின்பு 57, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால் வியர்வை 1.3 லிட்டர். 100 கிராம் வித்தியாசம் காட்டுகிற தராசு வேண்டும். மீன் கம்பெனிகளில் இருக்கும் மேடைத் தராசு இதற்கு வாகானது, காலை ஏலத்துக்கு முன்னால் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். கோடையில் ஒருமுறை, வாடைக்காற்றுக் காலத்தில் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால் போதும்.

அந்த 58 கிலோ ஆள் இரண்டு மணி நேரம் ஓடினால் 2.6 லிட்டர் இழப்பார். உடல் எடையில் 2 சதவீதம்வரை, அதாவது ஏறக்குறைய 1.2 லிட்டர் குறைவதை உடம்பு பொறுத்துக்கொள்ளும். மீதி 1.4 லிட்டரைக் குடித்தாக வேண்டும்: மணிக்கு 700 மில்லி, கால் மணிக்கு ஒருமுறை 175 மில்லி. ஒரேயடியாக அரை லிட்டர் குடித்தால் வயிற்றில் குலுங்கும். போனது முழுவதையும் திருப்பிக் குடிக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை.

அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து என்பதை நம் ஊரில் பலர் நம்புவதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓட்டம் முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்குத்தான், அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நான்கு, ஐந்து மணி நேரம் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று வெறும் தண்ணீரைக் குடிக்கிறவர்களே இதில் சிக்குகிறார்கள். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பமான பேச்சு. தாகமாக இருக்கும் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் வலிப்புவரை போகும். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும், 450 மில்லிகிராமிலிருந்து 1,800வரை. கறுப்புப் பனியன் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுந்தால் நீங்கள் உப்பு அதிகம் விடுகிறவர். அவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீர் போதாது. வீட்டில் கலக்கும் முறை: ஒரு லிட்டர் குடிதண்ணீர், 60 கிராம் சீனி (தலைதட்டிய தேக்கரண்டியால் 14 அல்லது 15), கால் தேக்கரண்டி பொடியுப்பு, அரை எலுமிச்சம்பழம். சீனி 6 சதவீதம், சோடியம் ஏறக்குறைய 600 மில்லிகிராம். கடையில் விற்கும் விளையாட்டுப் பானத்துக்கு இது எந்த வகையிலும் இளைத்ததல்ல. சீனியை 100 கிராமாகக் கூட்டினால் தெம்பு கூடாது, வயிற்றிலேயே நின்று குமட்டும்.

உப்பில் ஒரு சூட்சுமம். கல்லுப்பைக் கரண்டியால் அளக்கக்கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் எடை குறையும், கல்லின் பருமனைப் பொறுத்து மாறும். அளப்பதற்குப் பொடியுப்பு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து நேரே அள்ளிவரும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம் பகுதிப் போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. மெக்னீசியமும் சல்பேட்டும் கூடிய தண்ணீர் ஓடும்போது வயிற்றைக் கலக்கிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரில் உப்புச்சத்து ஏறக்குறைய இல்லை, ஆகவே மேலே சொன்ன அளவைக் குறைக்க வேண்டாம்.

இளநீர் நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்து ஓர் இளநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் கணக்கு நேராகும். பதநீரில் 100 மில்லிக்கு 10, 12 கிராம் சர்க்கரை இருக்கும். ஓட்டத்தின் நடுவில் அப்படியே குடித்தால் கனக்கும். இரண்டு பங்கு பதநீருக்கு ஒரு பங்கு தண்ணீர், சிட்டிகை உப்பு. சுண்ணாம்பு சரியாகத் தடவாத கலயத்தில் இறக்கியது வெயில் ஏற ஏறப் பொங்கிப் புளிக்கும். வாசனை மாறிவிட்டால் அது கள், ஓட்டத்துக்கு ஆகாது. போட்டியன்று முதல்முறையாகக் குடித்துப் பார்க்கிற பொருளும் அல்ல. நீச்சத்தண்ணியும் உப்பு மோரும் ஓடி முடித்தபின் குடிக்க ஏற்றவை. அரசு மருத்துவமனை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கரைத்து ‘ஸ்ட்ராங்’காகக் குடிப்பது தவறு. வெயிலில் உப்பு நிறையப் போனவருக்கு அது உதவும், ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருப்பதால் ஓடத் தெம்பு தராது. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மேலே சொன்ன எந்த அளவையும் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

கெண்டைக்கால் பிடித்தாலே உப்புக் குறைவு என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. பழகாத வேகத்தில் ஓடிக் களைத்த தசைதான் பெரும்பாலும் இழுக்கிறது. நின்று, காலை நீட்டி, பாதத்தை உடம்பு பக்கம் மடக்கினால் விடும்.

ஓடிக்கொண்டே சாப்பிடுவது எப்போது? 75 நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்தில் தேவையில்லை. அதற்கு மேல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஜெல் என்று விற்கும் பொட்டலம் ஒன்றில் 25 கிராம்போல இருக்கும். அதையே கருப்பட்டியில் செய்யலாம். 60 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 40 மில்லி கொதிநீரில் கரைத்து, மெல்லிய துணியில் இரண்டுமுறை வடிகட்டி, இரண்டு சிட்டிகை உப்புச் சேர்த்து ஆறவிட்டு, சிறிய மருந்துக் குப்பியில் ஊற்றிக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் விட்டால் அடியில் மணலும் சுண்ணாம்புப் பொடியும் பல்லில் நறநறக்கும். ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை அதில் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை பாதியாகக் குடித்து மேலே நான்கைந்து வாய் தண்ணீர். கருப்பட்டியில் சீனி கலந்துவிட்டார்கள் என்ற புகார் எப்போதும் உண்டு. ஓட்டத்துக்கு அதனால் நட்டமில்லை, நட்டம் பணத்துக்குத்தான். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், வாயில் அடக்கிக்கொள்ளப் பனங்கற்கண்டு இரண்டும் நன்று. கடலை மிட்டாய் கூடாது. கொழுப்பு, நார், போதாக்குறைக்கு மூச்சுவாங்கும்போது தொண்டையில் சிக்கும். எதுவானாலும் போட்டிக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் ஒரு நீண்ட ஓட்டத்தில் பழக்க வேண்டும். குடலும் பழகினால்தான் ஏற்கும்.

புரதத்தில் நம் கரைக்கு என்ன குறை? எடைக்கு கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் போதும், 55 கிலோ ஆளுக்கு 80 கிராம். சாளையோ நெத்திலியோ 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேரும். முட்டைக்கு 6 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை மிச்சத்தை நிரப்பிவிடும். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும், ராத்திரி மொத்தமாக அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, நாட்டுப்படகு மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் கோடைப் பயிற்சி முகாம் நடக்கிற காலம். அப்போது முட்டையையும் பருப்பையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கருவாட்டில் புரதம் நிறைய உண்டு, உப்பும் அதேபோல. ஓடி முடித்த மதியம் பழைய சோற்றோடு இரண்டு துண்டு போதும்.

பச்சை முட்டை குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேரும். பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான். சால்மொனெல்லா கிருமி வேறு. மாதம் ஆயிரக்கணக்கில் பவுடருக்குச் செலவழிக்கிற குடும்பங்களைப் பார்த்தால்தான் வருத்தம். 25 கிராம் புரதத்துக்கு இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு தம்ளர் பாலும் போதுமே.

ஓடும் பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுதத்தான் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், ஆணுக்கு 19. மாதவிலக்கில் போவது ஒருபக்கம். சாலையில் பாதம் அடித்து அடித்துச் சிவப்பணுக்கள் உடைவது இன்னொரு பக்கம். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் பரிசோதனை. காரணமில்லாமல் நேரம் சரிந்தால் அதைப் பாருங்கள். முருங்கைக்கீரை, மீன், ஈரல், சுண்டல் சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் ராத்திரியோடு ராத்திரியாக அது முளைக்காது. புளிக்கும்போது, இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம் எளிதாகும், அவ்வளவே.

இதைவிட முக்கியம், எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பிள்ளையைப் பட்டினிபோடாமல் இருப்பது. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடினால் உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கும். முதலில் மாதவிலக்கு தள்ளும், பிறகு நிற்கும், எலும்பு வலுவிழந்து கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தக் கோளாற்றைத் தனியே பெயரிட்டு எச்சரித்தது. ஆண்களுக்கும் வரும் என்றும் சொன்னது. மூன்று மாதம் விலக்கு வராத ஓட்டக்காரியைப் பயிற்சியாளர் பாராட்டக்கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூசுகிற பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஓர் ஆசிரியை பொறுப்பேற்பது நல்லது.

நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பிள்ளைகள் ஓட்டத்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை. மெதுவோட்டத்தை நோன்பு திறப்பதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில் வைத்துக்கொண்டால் முடித்தவுடன் குடிக்கவும் சாப்பிடவும் முடியும். வேகப் பயிற்சியை இஃப்தாருக்கு இரண்டு மணி நேரம் கழித்து. நோன்பு திறக்க மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. அரிசி, பாசிப்பருப்பு, உப்பு, தண்ணீர் எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடைக்கிற அந்தக் கஞ்சியைவிட நல்ல மீட்புணவை யாரும் விற்கவில்லை. வடை, சமோசா அதற்குப் பிறகு. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர்வரை இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீரைப் பிரித்துக் குடிக்க வேண்டும். நீண்ட ஓட்டமும் போட்டியும் அந்த மாதம் வேண்டாம்.

கடைசியாக, போட்டி நடத்துகிறவர்களுக்கு. பதக்கத்துக்கும் பனியனுக்கும் ஆகிற செலவில் சிறு பங்கு போதும். 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் 3, 6, 8-வது கிலோமீட்டர்களில் தண்ணீர் மேசை. 300 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி வீதம் மொத்தம் 135 லிட்டர், சிந்துவதற்கு மேலே 30 லிட்டர். தம்ளரைப் பாதிதான் நிரப்ப வேண்டும், ஓடிக்கொண்டே எடுக்கிறவர்கள் நிறைத்ததைச் சட்டையில்தான் கொட்டிக்கொள்வார்கள். முடிவுக்கோட்டில் ஆளுக்கு 400 மில்லி உப்புச் சீனித் தண்ணீர், இரண்டு வாழைப்பழம். ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கே தொடங்க வேண்டும். விருந்தினர் வந்து கொடியசைக்கட்டும் என்று எட்டுவரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். ஐஸ் பேக்டரி இருக்கிற கரை இது. ஒரு பெரிய மீன் டப்பில் தண்ணீரும் இரண்டு பார் உடைத்த ஐஸும் முடிவுக்கோட்டருகே நிழலில் இருக்கட்டும். உளறிக்கொண்டு விழுகிறவரின் உடம்பு நெருப்பாகச் சுட்டால், கழுத்துவரை அதில் இறக்கிக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். குளிரவைப்பது முதலில், ஏற்றிச்செல்வது அப்புறம். சுயநினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

அந்த 300 பேருக்கான உப்புச் சீனித் தண்ணீர் 120 லிட்டர். அதற்குச் சீனி 7 கிலோ 200 கிராம், பொடியுப்பு 180 கிராம், எலுமிச்சம்பழம் 60. முதல்நாளே நிறுத்துப் பொட்டலம் கட்டி வைத்துவிடுங்கள். காலை அவசரத்தில் உப்பைக் கையால் அள்ளிப் போட்டால் டிரம் முழுக்கக் கடல்தண்ணீராகிவிடும்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்கள் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.